ஆட்டக்களம்: மயிலுக்குக் கால் வலித்த இரவு

போன இதழில், கல்யாண மண்டபங்களுக்கு ரோபோ ஆட வருவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 1979 முதல் மதுரையைச் சுற்றியுள்ள திருவிழாக்களுக்கு சீரியல் செட் என்கிற பல்பு அலங்காரம் கட்டியவன். பொழுது சாய்ந்தால், கைக்குட்டை வீசி ஆடுகிற ஒயிலாட்டத்துக்கு வாத்தியார். பல்பில் மயிலையும் ஆட வைத்திருக்கிறேன், பொட்டலில் பையன்களையும் ஆட வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் முன்னால் நின்ற சனங்களின் முகத்தைப் பார்த்துக் கற்றதுதான் என் படிப்பு. மிச்சத்தை என் மகள் வாங்கிக் கொடுக்கும் புத்தகங்களில் படித்துக்கொண்டேன்.

எங்கள் அத்தை மகன் கல்யாண வரவேற்பில் இடுப்பு உயர ரோபோ ஒன்றை சினிமாப் பாட்டுக்கு ஆட விட்டார்கள். தாளத்துக்குக் கை கால் எல்லாம் சரியாக விழுந்தது. ரிமோட் வைத்திருந்த பையன் திரைக்குப் பின்னால் நின்றான். ஆட்டம் முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. எல்லோர் கையிலும் போன். தாய்மாமா நூறு ரூபாய் நோட்டோடு கிட்டே போய், எங்கே குத்துவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டார். எங்கள் அப்பத்தா மட்டும், "ரொம்ப நேரமா ஆடுதே, பாவம், ஒரு வாய் தண்ணி குடுங்கடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் இப்படி?
*மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி*

தாயி, அந்த மண்டபத்தில் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்தவர் உன் அப்பத்தா ஒருவர்தான். அது ஏன் என்று சொல்ல எனக்கு என் கதை ஒன்று வேண்டியிருக்கிறது.

1989, பங்குனி. சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் பொங்கல். கோயில் முகப்பில் இருபதடிக்குச் சவுக்குக் கம்பு கட்டி, ஆடுகிற மயில் கட்-அவுட் ஏற்றியிருந்தேன். இன்றைக்கு எல்.இ.டி.யும் சிப்பும் வந்துவிட்டன. அன்றைக்கு உருளைதான். மர உருளை மேல் செம்புத் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, சின்ன மோட்டாரில் சுற்ற விடுவோம். உருளையை உரசிக்கொண்டு பித்தளைப் பட்டைகள் வரிசையாக நிற்கும். பட்டை செம்பைத் தொட்டால் அந்த வரிசை பல்பு எரியும், கட்டையைத் தொட்டால் அணையும். 6.2 வோல்ட் பல்பில் முப்பத்தேழு, முப்பத்தெட்டைத் தொடராகக் கோத்தால் 230 வோல்ட்டைத் தாங்கும். மயிலின் வலது காலுக்கு இரண்டு வரிசை: கால் மேலே ஒன்று, கால் கீழே ஒன்று. தோகைக்கு ஐந்து, கழுத்துக்கு மூன்று. உருளை ஒரு சுற்று வர எட்டு விநாடி. அந்த எட்டு விநாடிக்குள் மயில் இரண்டு தரம் கால் மாற்றி, ஒரு தரம் தோகை விரித்து, கழுத்தை வெட்டி நிமிரும்.

சனங்கள் முதல் சுற்றுக்கு வாயைப் பிளப்பார்கள். இரண்டாவது சுற்றில், "இப்பப் பாரு, இப்பத் தோகையை விரிக்கும்" என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். மூன்றாவதில் முறுக்குக் கடை பக்கம் நடந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு அரை நிமிஷம், பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷம். நான் போன ஊர்களில் எல்லாம் கணக்கு இதுதான். அதே கோயில் வாசலில் கரகாட்டம் என்றால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், கால் கீழே இருக்கிற வரிசையில் ஒரு பல்பு ஹோல்டரில் லூசாகிவிட்டது. தொடரில் ஒன்று விட்டால் வரிசையே போகும். காற்றில் கம்பு ஆடும்போது எரிகிறது, நின்றால் அணைகிறது. மயில் காலைத் தூக்கும். தூக்கின கால் கீழே வராது. வரும்போதும் நடுங்கிக்கொண்டே வரும். நான் துணி மறைப்புக்குப் பின்னால் உருளையோடு உட்கார்ந்திருந்ததால் எனக்கு இது தெரியாது. வெளியே சத்தம் அடங்கியதை வைத்து ஏதோ சரியில்லை என்று எழுந்து வந்தேன். ஒருத்தரும் முறுக்குக் கடைக்குப் போகவில்லை. அத்தனை பேரும் அண்ணாந்து நிற்கிறார்கள். இடுப்பில் பேரனோடு ஒரு கிழவி என்னைப் பார்த்து, "அப்பு, மயிலுக்குக் கால் வலிக்குது போல. செத்த நேரம் நிப்பாட்டுய்யா" என்றாள்.

ஏணியைச் சாத்தி ஏறி, ஒவ்வொரு பல்பாக விரலால் தட்டிப் பார்த்து, லூசானதைத் திருகி இறுக்கினேன். கால் சட்டென்று ஊன்றியது. கீழே இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். பத்து வருஷமாக சீரியல் செட் போட்டவனுக்கு விழுந்த முதல் கைதட்டு அது.

அந்த ராத்திரியை நான் இன்றுவரை விடவில்லை. தப்பாமல் ஆடின மயிலுக்கு இரங்காத சனம், தடுமாறின மயிலுக்கு இரங்கியது. அது ஒரு பக்கம். அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கைதட்டு. மயில் ஆடினதற்கு அது விழவில்லை. ஏணியில் ஏற ஓர் ஆள் வெளியே வந்த பிறகுதான் விழுந்தது. கொடுக்க வேண்டும் என்ற மனசு அவர்களிடம் முன்பே இருந்தது. வாங்கிக்கொள்ள எதிரே ஆள் இல்லாமல் இருந்தது.

இப்போது உன் மண்டபத்துக்கு வருவோம். உன் தாய்மாமா நோட்டை எடுத்துக்கொண்டு போனாரே, அவர் மனசும் அப்பத்தா மனசும் ஒன்றுதான். ஒருத்தர் பணம் கொடுக்கப் பார்த்தார், ஒருத்தர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நம் பக்கம் ஆட்டம் பார்ப்பது என்றாலே திருப்பிக் கொடுப்பதுதானே? ஒயில் ஆடுகிற பையன் சட்டையில் நோட்டுக் குத்துவோம், நையாண்டி மேளக்காரருக்கு சோடா உடைத்துக் கொடுப்போம், மைக்கில் "அன்பளிப்பு ரூபாய் நூத்தி ஒண்ணு" என்று பேர் சொல்ல வைப்போம், ஒன்றும் இல்லையென்றால் விசில் அடிப்போம். இவை எதையும் அந்த ரோபோவுக்குக் கொடுக்க வழியில்லை. கை சும்மா இருந்தது, போன் எடுத்துக்கொண்டது. ரிமோட் பையனைத் திரைக்குப் பின்னால் நிறுத்தியதுதான் அங்கே நடந்த பிழை. ஆட்டம் முடிந்ததும் அவன் முன்னால் வந்து ரோபோவின் தோளில் கை வைத்து நின்றிருந்தால், மண்டபம் தட்டியிருக்கும். தாய்மாமா நோட்டை அவன் சட்டையில் குத்தியிருப்பார்.

கண் ஏன் பல்பையும் பிளாஸ்டிக்கையும் உயிர் என்று எடுத்துக்கொள்கிறது என்று நீ கேட்கலாம். 1973-இல் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆளின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளி வைத்து இருட்டில் நடக்க விட்டார். நிற்கும்போது வெறும் புள்ளிகள். அசைந்த கணத்தில் பார்ப்பவர்களுக்கு அது நடக்கிற மனுஷன். என் மயிலுக்கும் அதுதான் நடந்தது. வள்ளுவர் இதை அழகாகப் பிடித்திருக்கிறார்: கயிற்றில் ஆடும் மரப்பாவை உயிர் இருப்பதுபோல் மயக்குவதை 'உயிர்மருட்டி' என்கிறார். நாணம் இல்லாதவரைப் பற்றிச் சொல்ல வந்த 1020-ஆம் குறள் அது. ஆனாலும் பாவை ஆட்டத்தை எதிரே உட்கார்ந்து பார்க்காத ஒருவர் அந்தச் சொல்லைப் போட்டிருக்க முடியாது என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. 2005-இல் லண்டனில் பாலே ஆடுகிறவர்களையும் பிரேசிலின் கப்போய்ரா ஆடுகிறவர்களையும் ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து இரண்டு ஆட்டத்தையும் காட்டினார்கள். தான் ஆடிப் பழகின ஆட்டத்தைப் பார்க்கும்போதுதான் மூளையில் அசைவுக்கான பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. அதாவது, பார்க்கிறவன் தன் காலால்தான் பார்க்கிறான். அப்படியானால் எந்திர ஆட்டம் நம் உடம்பில் ஏறாது என்றுதானே தோன்றும்? 2012-இல் எமிலி கிராஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நேர்மாறாக வந்தது. எந்திரம்போல விறைப்பாக ஆடும் அசைவைப் பார்த்தபோது அந்தப் பகுதிகள் இன்னும் அதிகமாகவே வேலை செய்தன. பழகாத அசைவைப் புரிந்துகொள்ள உடம்பு கூடுதலாகப் பாடுபடுகிறது என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். உன் மண்டபத்தில் அத்தனை பேரும் கை தட்டாமல் நின்றார்களே, அது சலிப்பில்லை. உள்ளுக்குள் நிறைய நடந்திருக்கிறது, வெளியே வர வழி இல்லாமல் போயிருக்கிறது.

அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் சின்ன வயசில் கும்மி கொட்டியிருப்பார். கேட்டுப் பார்.

எந்திரம் ஆடுவது தமிழருக்குப் புதிதா?
*திருப்பரங்குன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்*

ஐயா, நீங்கள் விடை தெரிந்தே கேட்கிறீர்கள். சிலம்பில் அடைக்கலக் காதை நம் மதுரை மதிலில் இருந்த பொறிகளை அடுக்குகிறது. அதில் ஒன்று 'கருவிரல் ஊகம்', கரிய விரலுள்ள குரங்கு வடிவில் இருந்து, கிட்டே வந்தவரைக் கடிக்கும் பொறி. சீவக சிந்தாமணியில் சீவகனின் தந்தை சச்சந்தன் தன் தேவிக்குச் செய்வித்துத் தந்த மயிற்பொறி பறக்கிறது, இறங்குகிறது. என் மயிலுக்கு அது பாட்டன் முறை.

எனக்கு இதைவிட ருசியானது மாதவி ஆடிய பதினோராடலில் வரும் பாவைக்கூத்து. அவுணரை, அதாவது அசுரரை, மயக்கத் திருமகள், கண்டவரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவையின் வடிவில் ஆடியது என்கிறார்கள். உயிருள்ளவள் பாவைபோல ஆடுவது. நம்மவர்கள் அந்தப் பக்கத்திலிருந்தும் யோசித்திருக்கிறார்கள்.

அயல்நாட்டுச் சரக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தில் ழாக்கே-துரோ என்ற கடிகாரக் குடும்பம் 1768-க்கும் 1774-க்கும் இடையில் செய்த மூன்று பொம்மைகள் இன்றும் நூஷாத்தெல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பெண் பொம்மை, தன் விரலாலேயே கட்டைகளை அழுத்தி வாத்தியம் வாசிக்கும். வாசிக்கும்போது மூச்சு விடுவதுபோல் அவள் மார்பு ஏறி இறங்கும். வாசிப்புக்கு அந்த மூச்சு தேவையே இல்லை. பார்க்கிறவர்களுக்காக வைத்தது. இதைப் படித்த அன்று, 1989-க்குப் பிறகு நான் செய்த மயில்களின் கழுத்தில் மெதுவாக ஏறி இறங்கும் ஒரு தனி வரிசையைச் சேர்த்தது சரிதான் என்று மனசு நிறைந்தது. அந்த வரிசை போட்ட பிறகு சனங்கள் நாலைந்து சுற்று கூடுதலாக நின்றார்கள்.

எங்கள் ஊர் பொங்கலுக்கு இந்த வருஷம் கரகாட்டத்துக்குப் பதில் நாலு ரோபோக்களை வாடகைக்குக் கூப்பிடலாம் என்று இளவட்டங்கள் சொல்கிறார்கள். ஆடல் பாடல் என்றாலே போலீஸ் அனுமதி, கோர்ட் நிபந்தனை, ஆபாசம் என்ற பேச்சு. ரோபோ என்றால் அந்த வம்பு இல்லை. சீனாவில் டிவியில் கைக்குட்டை வைத்து ஆடியதைக் காட்டி, "உங்க வாத்தியார் ஒயில் மாதிரியே இருக்கு" என்கிறார்கள். கூட்டம் நிற்குமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு விழாக் கமிட்டிக்காரர்*

நானும் பார்த்தேன். 2025 ஜனவரி கடைசியில் சீனப் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி, அவர்கள் தேசியத் தொலைக்காட்சியில் வந்தது. சினிமா இயக்குநர் ஜாங் யிமோ அமைத்தது. யூனிட்ரீ கம்பெனியின் 16 ரோபோக்கள், வடகிழக்குச் சீனத்து யாங்கே என்ற ஊர் ஆட்டத்தை, கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு ஆடின. உழவர்களின் ஆட்டம் அது, நம் ஒயிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. உங்கள் இளவட்டங்கள் கண் நல்ல கண்.

ஆனால் ஒன்றைக் கவனித்தார்களா என்று கேளுங்கள். அந்த மேடையில் ரோபோக்கள் மட்டும் ஆடவில்லை. கூடவே ஆட்களும் ஆடினார்கள். நான் அதை மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் ரோபோவையே பார்த்தேன். மூன்றாம் தரம் என் கண் முழுக்கப் பக்கத்தில் ஆடின பெண்கள் மேல் போய்விட்டது. ரோபோ கைக்குட்டை ஒரே சீராகச் சுழல்கிறது. ஆள் கையில் அது ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சுண்டு சுண்டி, துணி தன் கனத்தில் விழுகிற நேரத்துக்குக் காத்திருந்து அடுத்த வீச்சு வீசுகிறது. நான் பையன்களுக்கு ஆறு மாசம் சொல்லித் தருவது அந்தக் காத்திருப்பைத்தான். "துணி வரட்டும்டா, நீ ஓடாதே" என்பேன்.

கூட்டம் நிற்குமா என்றால், முதல் கால் மணி நேரம் நிற்கும், பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். அதன் பிறகு என் மயில் கணக்குதான். வாடகைக்கு வருகிறவை நாலைந்து பாட்டுக்கு மட்டும் பழக்கி வைத்தவையாக இருக்கும். ஒரு சார்ஜுக்கு இரண்டு மணி நேரம் தாங்கினால் அதிகம். உங்கள் பொட்டல் மண் தரை, கல்லும் குழியும். மண்டபத்து டைல்ஸில் பழகின கால் அதில் எப்படி நிற்கும் என்று ஒரு நாள் முன்னமே கொண்டுவந்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை எட்டி நிறுத்த மூங்கில் தடுப்புக் கட்டுங்கள். முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்று கால் இடறி விழுந்தால் பிள்ளை தாங்காது.

இதெல்லாம் ஏற்பாட்டு விஷயம். என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். 2023-இல் திருச்சூர் பக்கம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் நிஜ யானைக்குப் பதில் எந்திர யானையை வைத்தார்கள். காது ஆட்டும், தும்பிக்கையில் தண்ணீர் பீய்ச்சும். செய்தி படித்த அன்றே நான் சந்தோஷப்பட்டேன். சங்கிலியும் அங்குசமும் வெடிச் சத்தமும் இல்லாமல் ஒரு யானை காட்டில் இருக்கும் என்றால், எந்திரம் வரட்டும். அங்கே எந்திரம் ஒரு ஜீவனின் கஷ்டத்தை வாங்கிக்கொள்கிறது. கரகாட்டக்காரப் பெண்ணுக்கு அப்படியா? அவளுக்குக் கஷ்டம் ஆட்டத்தில் இல்லை, ஆட்டம் கிடைக்காததில் இருக்கிறது. தையிலிருந்து ஆடி வரைக்கும்தான் அவளுக்கு சீசன். அந்த ஆறேழு மாச வருமானத்தில் வருஷத்தை ஓட்ட வேண்டும். பின்னால் வரும் நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு அத்தனை பேருக்கும் அதே கணக்கு. அவள் இடத்தில் ரோபோவை நிறுத்தினால் யாருடைய பாரமும் குறையாது.

ஆபாசம் என்று சொல்கிறீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்பது கமிட்டியில் இருக்கிற உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் குடித்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து, "அதை ஆடு, இதை ஆடு" என்று கத்துகிறவர்களால் வருகிறது. தலையில் நிறைகுடத்தோடு ஏணி ஏறி, தரையில் கிடக்கிற ஊசியைக் கண் இமையால் எடுக்கிற ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். அவள் குனிகிறபோது எண்ணூறு பேர் மூச்சை அடக்கினார்கள். அடக்கின மூச்சை விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாதிரி ஆட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சாயந்தரமே ஆரம்பித்துப் பத்து மணிக்கு முடியுங்கள்.

இளவட்டங்களின் ஆசையையும் தட்ட வேண்டாம். ஏழு மணிக்கு அரை மணி நேரம் ரோபோ ஆடட்டும். ஆனால் ஸ்பீக்கர் பாட்டுக்கு வேண்டாம், உங்கள் நையாண்டி மேளத்துக்கே ஆடவிட்டுப் பாருங்கள். தவில்காரர் அதன் காலைப் பார்த்து வாசிப்பார். எங்கே இழுக்கலாம், எங்கே அடக்கலாம் என்று அவர் கை தேடும். அந்தத் தேடலைப் பார்க்கவே நான் உசிலம்பட்டிக்கு பஸ் ஏறி வருவேன். இயக்குகிற பையனைக் களத்துக்குள்ளேயே நிறுத்துங்கள், மைக்கில் அவன் பேரைச் சொல்லுங்கள்.

கல்லூரி விழாவில் செயற்கை நுண்ணறிவு கொடுத்த அசைவுகளை வைத்து ஏழு பேர் ஆடினோம். ஆட்டம் முடிந்ததும் அரங்கம் அதிர்ந்தது. தொகுப்பாளர், "இந்த நடனத்தை அமைத்தது ஏ.ஐ." என்று சொன்னதும் எல்லோரும் சட்டென்று அடங்கிவிட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப நீங்க என்ன பண்ணீங்க?" என்று கத்தினார். ஒன்றரை மாசம் ஒத்திகை பார்த்து, கணுக்கால் வீங்கி ஆடியது நாங்கள். ஏமாற்றிவிட்டோமா?
*மதுரையிலிருந்து ஒரு மாணவர்*

இல்லை தம்பி. ஆனால் கத்தினவர் மேலும் கோபப்படாதே. அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு யாரும் மைக் தரவில்லை என்பதுதான் குறை.

ஒரே படத்தைக் காட்டி, இது கலைக்கூடத்தில் இருப்பது என்று ஒரு தரமும், கம்ப்யூட்டரில் செய்தது என்று இன்னொரு தரமும் சொன்னால் என்ன ஆகும் என்று 2009-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பார்த்தார்கள். கலைக்கூடம் என்று சொன்னபோது அதிக மதிப்பெண் விழுந்தது. பார்க்கிற பொருள் மாறவில்லை, காதில் விழுந்த பேர்தான் மாறியது. உங்கள் அரங்கத்தில் நடந்ததும் அதுதான். இதைச் சனங்களின் அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். கைதட்டு ஒரு ஆளுக்குப் போய்ச் சேர வேண்டியது. கொடுத்த பிறகு, வாங்கினவர் வேறு யாரோ என்று சொன்னால் கொடுத்தவருக்குக் கை கூசத்தான் செய்யும்.

பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார். அமெரிக்க நடனக்காரர் மெர்ஸ் கன்னிங்ஹாம் எழுபது வயதைத் தொட்ட காலத்தில் 'லைஃப்ஃபார்ம்ஸ்' என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் அசைவுகளைக் கோத்துப் பார்க்கத் தொடங்கினார். 1991-இலிருந்து அதை வைத்து மேடை ஏற்றினார். திரையில் இருக்கிற உருவத்துக்கு மூட்டு வலி இல்லை, கை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். அதை மனுஷ உடம்பில் கொண்டுவர அவருடைய ஆட்டக்காரர்கள் பட்ட பாடுதான் அந்த ஆட்டம். பிரிட்டனின் வெய்ன் மெக்ரிகர் 2019-இல் கூகுளோடு சேர்ந்து, தன்னுடைய 25 வருஷ ஆட்டப் பதிவுகளை எந்திரத்துக்குக் காட்டி, அடுத்த அசைவை அதனிடம் கேட்டார். கேட்டதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது அவர்கள் கையில் இருந்தது. 2020 டிசம்பரில் பாஸ்டன் டைனமிக்ஸ் ரோபோக்கள் ஆடுவதை உலகமே போனில் பார்த்ததே, அந்த அடிகளுக்குப் பின்னால் மோனிகா தாமஸ் என்ற நடன ஆசிரியை இருந்தார். பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? எனக்கு அது வருத்தம். தைவானின் ஹுவாங் யீ, தொழிற்சாலையில் கார் பூட்டுகிற, கூகா என்ற கம்பெனியின் எந்திரக் கையோடு மேடையில் ஜோடியாக ஆடுகிறார். அந்தக் கையை ஒரு நிமிஷம் ஆட வைக்கப் பல மணி நேரம் உட்கார்ந்து அசைவு எழுதுகிறார். எட்டு விநாடி மயிலுக்கு மூன்று நாள் செம்பு வெட்டினவன் நான், அந்த மனுஷனின் முதுகு வலி எனக்குத் தெரியும்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஏ.ஐ. எத்தனை அசைவு கொடுத்தது, நீங்கள் எத்தனையைத் தள்ளினீர்கள் என்று நீ எழுதவில்லை. நிறையத் தள்ளியிருப்பீர்கள். ஏழு பேர் உயரமும் ஒன்றில்லை, ஒருத்தன் குதித்தால் எட்டுவது இன்னொருத்தனுக்கு எட்டாது, மாற்றியிருப்பீர்கள். எங்கே மூச்சு வாங்குவது என்று அது சொல்லித் தந்திருக்காது, நீங்களே இடம் பார்த்திருப்பீர்கள். அடுத்த தரம் ஆடும்போது மறைக்காதே. "ஏ.ஐ. அமைத்தது" என்று ஒரே வரியில் விடவும் விடாதே. அது முதலில் கொடுத்த அசைவை அப்படியே ஒருத்தன் ஆடிக் காட்டட்டும். பிறகு நீங்கள் மாற்றியதை ஏழு பேரும் ஆடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றரை மாசம் கூட்டத்தின் கண்ணுக்குத் தெரியும்.

சின்ன வயசில் திருமங்கலம் சந்தைப்பேட்டையில் தோல்பாவைக்கூத்துப் பார்த்தேன். நல்லதங்காள் கதை. ஆட்டுத்தோலில் வெட்டின பிள்ளைகளைக் கிணற்றில் போடும்போது என் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். கூத்து முடிந்து, திரைக்குப் பின்னாலிருந்து தொண்டை கட்டின ஒரே ஒரு மனுஷர், கையில் அரிக்கேன் விளக்கோடு வெளியே வந்தார். அத்தனை பேருக்கும் அவர் ஒருவரே குரல் கொடுத்திருக்கிறார். அம்மா அவரிடம் போய், மடியில் இருந்த எட்டணாவைக் கொடுத்தாள்.

கணுக்கால் வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடு. ஒரு வாரத்தில் வற்றவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடு, அசட்டையாக இருக்காதே.

ரோபோ அவ்வளவு நேரம் சுத்துதே, அதுக்குத் தலை சுத்தாதா தாத்தா?
*வாடிப்பட்டியிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவி*

சுற்றாது கண்ணு. நம் காதுக்குள்ளே மூன்று சின்ன வளையக் குழாய் இருக்கிறது, அதில் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கிறது. நீ சுற்றினால் அதுவும் சுற்றும். நீ நின்ற பிறகும் அது உடனே நிற்காமல் கொஞ்ச நேரம் ஓடும். அதனால் நின்றுவிட்டாய் என்று கண் சொல்கிறது, இன்னும் சுற்றுகிறாய் என்று காது சொல்கிறது. அந்தச் சண்டைதான் தலைசுற்றல். ரோபோவின் வயிற்றுக்குள் கைரோ என்று ஒரு சின்ன சில்லு இருக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அது அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். நின்றால் அதுவும் நின்றுவிடும்.

உனக்குத் தலை சுற்றாமல் சுற்ற வேண்டுமா? எதிரே ஒரு இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொள், சுவரில் காலண்டர் இருந்தால் காலண்டர். உடம்பு திரும்பட்டும், கண் காலண்டரை விடக் கூடாது. இனி முடியாது என்கிறபோது தலையை வெடுக்கென்று திருப்பி மறுபடி காலண்டரைப் பிடி. முதல் நாள் மூன்று சுற்றுப் போதும், பக்கத்தில் பீரோ, கட்டில் இல்லாத இடமாகப் பார்த்துச் சுற்று. பள்ளி லீவில் அப்பாவோடு மதுரை வந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வைகைக் கரையில் எங்கள் பையன்கள் பழகுவார்கள். பெண் பிள்ளைகளும் இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். சலங்கை நான் தருகிறேன். கைக்குட்டை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வா, பருத்தித் துணியாக இருக்கட்டும். நைலான் காற்றில் நிற்காது.